யார் தொப்பியைத் தொடலாம்

செப்டம்பரில் வேலை போனதிலிருந்து எனக்கு எதுவும் உறைக்கவில்லை. துக்கம் என்றால்கூடப் பரவாயில்லை, சொல்லிக்கொள்ள ஒரு பேராவது இருக்கும். இது அதுவும் இல்லை. காபி குடிப்பேன், துணி மடிப்பேன், நார்த்மீட் வீட்டிலிருந்து மனைவியை ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவேன். அவ்வளவுதான். "எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரியே இருக்கீங்களே" என்று மனைவி இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லவில்லை, அலுத்துப்போயிருக்கும்.

பரமட்டாவில் ஒரே ஆபீஸில் பதினோரு வருஷம். யார் எவ்வளவு வேலை பார்க்கிறார்கள் என்று அட்டவணை போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. கடைசியில் ஒரு சின்ன அறையில் என்னை உட்கார வைத்து, வேறு யாரோ போட்ட அட்டவணையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்கள். கீழேயிருந்து இரண்டாவது என் பேர். இதில் எதைச் சேர்த்தீர்கள், எதை விட்டீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வியை நான் அடுத்தவர்களுக்காக ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். எனக்காகக் கேட்கவில்லை. 'தேங்க் யூ' என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். சத்தியமாக, தேங்க் யூ சொன்னேன்.

சனிக்கிழமைகளில் மட்டும் எனக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. மகளுக்குப் பதினேழு வயது, பெண்கள் பேஸ்பால் அணியில் பிட்ச்சர், அதாவது பந்து எறிகிறவள். அந்த அணிக்கு நான் ஸ்கோரர். வீட்டில் சும்மா இருக்கிற அப்பா யார் என்று தேடியிருக்கிறார்கள், நான் அகப்பட்டேன். கம்பி வலைக்குப் பின்னால் ஒரு மடக்கு மேஜை, லேப்டாப், நான். எனக்கு நேர் எதிரே அவள் நின்று எறிவாள். கோடை முழுக்க அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

இந்த சீசனில் கேமரா வந்தது. வேறொரு கிளப்பில் யாரோ ஒரு அப்பாவுக்கு அந்தத் துறையில் வேலை, சோதனைக்காகப் பொருத்தி, என் லேப்டாப்போடு இணைத்துக் கொடுத்தார். பேட் பிடிக்கிறவளுக்கு முன்னால், முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் இருப்பதாகக் கணக்கு. பந்து அதன் வழியாகப் போனால் ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட். வெளியே போனால் பால். நாலு பால் ஆனால் பேட்டர் சும்மாவே முதல் தளத்துக்கு நடந்துபோகலாம். இத்தனை நாள் அம்பயர் சொன்னதுதான் வேதம். இப்போது எதிர்த்துக் கேட்கலாம், கிரிக்கெட்டில் ரிவ்யூ கேட்பது மாதிரி. ஆனால் எறிந்தவள், பிடித்த கேட்ச்சர், அடிக்க நின்ற பேட்டர், இந்த மூவர்தான் கேட்கலாம். உடனே கேட்க வேண்டும். வெளியிலிருந்து யாரும் கண்ணைக்கூடக் காட்டக் கூடாது. தொப்பியையோ ஹெல்மெட்டையோ கையால் தொட்டால் சேலஞ்ச் என்று அர்த்தம். ஒரு ஆட்டத்தில் இரண்டு தடவை தப்பாகக் கேட்டுவிட்டால் முடிந்தது, அப்புறம் வாயை மூடிக்கொண்டு ஆட வேண்டியதுதான்.

எங்கள் பெண்கள் அந்த இரண்டையும் பெரும்பாலும் ஆட்டம் பாதி தாண்டுவதற்குள் தொலைத்துவிடுவார்கள். இறுதி ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தபோது கோச் என்னிடம் வந்தார். பிளம்பர் வேலை செய்கிற வெள்ளைக்காரர், நல்ல மனுஷர். "நீ நம்பர் ஆள்தானே? யார் கேட்கலாம், யார் கேட்கக் கூடாதுன்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடு. நான் சொன்னா வருத்தப்படுவாங்க. நம்பர் சொன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார்.

இரண்டு நாள் உட்கார்ந்தேன். பொய் சொல்லக் கூடாது, அந்த இரண்டு நாளும் ஓரளவு நன்றாகப் போயிற்று. பேட்டர்களில் பாதிப் பேர் கோபத்தில்தான் ஹெல்மெட்டைத் தொடுகிறார்கள், நியாயம் தெரிந்து இல்லை. பிட்ச்சர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, தான் எறிந்த ஒவ்வொரு பந்தும் ஸ்ட்ரைக்தான் அவர்களுக்கு. கேட்ச்சர்தான் கெட்டிக்காரி. குந்தி உட்கார்ந்து பந்தைக் கையில் வாங்குகிறவளுக்கு அது எங்கே வந்தது என்று தெரிகிறது. எங்கள் கேட்ச்சரின் அம்மா வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நர்ஸ், யாழ்ப்பாணத்துக்காரர், அணிக்கு மேனேஜரும் அவர்தான். "உங்கட மகள்தான் முதல் ஆள்" என்று அவர் பாஷையிலேயே மெசேஜ் போட்டேன். "ஓம், வீட்டிலயும் அப்பிடித்தான், எல்லாத்துக்கும் எதிர்த்துக் கேப்பாள்" என்று பதில் வந்தது.

என் மகள் மூன்று தடவை கேட்டிருந்தாள். மூன்றும் தப்பு. கொஞ்ச நஞ்சத் தப்பில்லை, கட்டத்தைவிட்டு ஒரு முழம் தள்ளிப் போன பந்துகள். கண் தெரியாதவன்கூட அதற்கெல்லாம் கேட்க மாட்டான். இவ்வளவு வெளியே போன பந்துக்கு எதற்குத் தொப்பியைத் தொட்டாள் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு, முன்கோபம், நம் ரத்தம்தானே என்று நினைத்துக்கொண்டேன். அவள் பேருக்கு எதிரே 'வேண்டாம்' என்று போட்டேன். அடுத்த பேருக்குப் போனேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் சமையலறையில் நின்று தோசைக்குப் பொடி தேடிக்கொண்டிருந்தபோது சொன்னேன். இந்த வயதுப் பிரிவில் அவளுக்கு அதுதான் கடைசி ஆட்டம். அடுத்த வருஷம் படிக்க மெல்போர்ன் போகிறாள். கேட்கும் உரிமை பிட்ச்சருக்கு வேண்டும் என்று சீசன் தொடக்கத்தில் கோச்சிடம் வாதாடி வாங்கியவளே அவள்தான்.

"லிஸ்ட்ல நீ இல்லம்மா" என்றேன்.

"எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் சொல்றியா?"

"எல்லாத்தையும் பாத்தேன்."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். இன்னும் ஏதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். "ஓகேப்பா" என்றாள். பொடி டப்பா கிடைத்தது. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். நல்லவேளை, பெண் பக்குவமாக எடுத்துக்கொண்டது என்று இருந்தது எனக்கு. என்ன பெரிய மேதை நான்!

சனிக்கிழமை வெயில் கொளுத்தியது. மூன்றாவது இன்னிங்ஸில் கேட்ச்சர் பெண்ணின் கட்டைவிரலில் பந்து பட்டு வீங்கிவிட்டது. அவளை வெளியே உட்கார வைத்து, ஐஸ் கட்டிப் பையை விரலில் அழுத்திக்கொண்டு அவள் அம்மா என் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவளுக்குப் பதிலாக இறங்கியவள் புதுசு. அவள் பேருக்கு எதிரேயும் நான் 'வேண்டாம்' என்றுதான் போட்டிருந்தேன். ஆக, பந்து எறியும்போது எங்கள் பக்கத்தில் எதிர்த்துக் கேட்க யாருமில்லை என்று ஆயிற்று. அது எனக்கும் தெரிந்தது, கோச்சுக்கும் தெரிந்தது. இருவரும் ஒன்றும் செய்யவில்லை.

கடைசி இன்னிங்ஸ், இரண்டு பக்கமும் சமம். நாங்கள் அடித்து முடித்தாயிற்று, எதிரணி அடிக்கிறது. மூன்று தளத்திலும் அவர்கள் ஆள் நிற்கிறார்கள். இரண்டு பேர் அவுட். பேட்டருக்கு மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக். அடுத்த பந்து ஸ்ட்ரைக் என்றால் நாங்கள் தப்பித்தோம். பால் என்றால் பேட்டர் நடக்க, மூன்றாம் தளத்துக்காரி உள்ளே வந்து ரன் எடுக்க, ஆட்டம் முடிந்தது. இரண்டு சேலஞ்சும் அப்படியே கையில் இருந்தன, என் லிஸ்டின் புண்ணியத்தில்.

மகள் எறிந்தாள். பேட்டர் அடிக்கவில்லை. "பால்" என்றார் அம்பயர்.

என் லேப்டாப்பில் புள்ளி விழுந்தது. கட்டத்துக்கு உள்ளே. ஓரத்தில்தான், ஆனால் உள்ளே. ஸ்ட்ரைக். நான் சொல்லக் கூடாது, வாயைத் திறக்கவே கூடாது. நிமிர்ந்து பார்த்தபோது எதிரணிப் பெண்கள் ஓடி வந்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தார்கள். என் மகள் கையுறையைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு வரிசையில் போய் எல்லோருக்கும் கை கொடுத்தாள். அழவில்லை, தரையை உதைக்கவில்லை. என்னைப் போலவே இருந்தாள்.

கூட்டம் கலைந்தபின் நர்ஸ் அம்மா லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். "அந்தக் கடைசிப் பந்தை ஒருக்காப் போடுங்கோ அண்ணை" என்றார். போட்டேன். படத்தில் என் மகளின் கை தொப்பிப் பக்கம் பாதி தூரம் எழும்புகிறது, பிறகு இறங்கி தொடையில் வேர்வையைத் துடைக்கிறது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அவ கேட்ட மூணும் தப்புங்க, அதான் வேண்டாம்னு போட்டேன்" என்று அந்த மூன்று துண்டுப் படங்களையும் திறந்தேன். ஒவ்வொன்றும் பத்து செகண்ட். சீசன் முழுக்க என் மெஷினிலேயே இருந்தவை. அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் திறந்தேன். எண்களை மட்டும் எடுத்து வேலை பார்த்துப் பழக்கம்.

முதல் படத்தில் மகள் எறிகிறாள், பந்து எங்கேயோ போகிறது, உள்ளங்கையால் தொப்பி விளிம்போடு சேர்த்து நெற்றியில் 'பட்'டென்று ஒன்று வைத்துக்கொள்கிறாள். அம்பயர் கையைத் தூக்குகிறார். இரண்டாவதும் அதே. மூன்றாவதும் அதே.

நர்ஸ் அம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ அண்ணை, பிள்ளை எங்க சேலஞ்ச் கேட்டவள்? நாசமாப் போச்சு எண்டு தலையில அடிக்கிறாள்! வெள்ளைக்காரனுக்கு அது விளங்குமே?" என்று சொல்லிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "நீங்கள் இதைப் பாக்கேல்லையோ?" என்று மெல்லக் கேட்டார்.

என் மகள் வெஸ்ட்மீடில் பிறந்தவள். தமிழில் கேட்டால் பாதி நேரம் இங்கிலீஷில்தான் பதில் வரும். ஆனால் பால் பொங்கி வழிந்தால், ரயில் கண்ணெதிரே கிளம்பிப் போனால், நான் செய்வதைத்தான் அவளும் செய்வாள். இந்த மைதானத்தில் அதைப் பார்த்து இன்னதென்று சொல்லக்கூடிய ஆட்கள் எத்தனை பேர்? அதில் ஒருவன் நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். கேட்டது யார் என்று சொல்ல அம்பயர் "பிட்ச்சர்" என்று கத்த, தலையைத் தூக்காமல் 'சேலஞ்ச், தப்பு' என்று மூன்று தடவையும் பட்டனை அமுக்கியவன் நான். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி எங்கே போச்சு? சொன்னதும் நானே, கேட்டதும் நானே.

காரில் வரும்போது வின்ட்சர் ரோடு திரும்பும் சிக்னலில் நின்றோம். "அந்த மூணும் சேலஞ்ச் இல்லன்னு இப்பத்தாம்மா பாத்தேன்" என்றேன்.

ஜன்னல் பக்கமிருந்து திரும்பினாள். "இப்பத்தானா?"

"ஆமாம்மா."

"நான் அன்னிக்கே சொன்னேனேப்பா. முதல் தடவை நடந்த அன்னிக்கு, கார்ல. அம்பயர் தப்பா எடுத்துக்கிட்டார், சொன்னா கேக்க மாட்டேங்கிறார், ரூல் ரூல்தாங்கிறார்னு. நீ 'ம்'னு சொன்ன. ரெண்டாவது வாட்டியும் சொன்னேன். அதுக்கும் 'ம்'."

எனக்கு ஞாபகமே இல்லை. எவ்வளவு தேடினாலும் இல்லை. "அப்புறம் ஏன்மா வியாழக்கிழமை சண்டை போடல? நல்லா நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"உனக்குத் தெரியும்ல, அந்த மூணையும் தள்ளிட்டுத்தான் நீ கணக்குப் போட்டிருப்பன்னு நெனச்சேன். அதையெல்லாம் தள்ளிட்டும் என்னை நம்ப முடியாதுன்னு நீ முடிவு பண்ணிட்டன்னு." குரல் உடைந்தது அவளுக்கு. "நீ நம்பர்ல தப்பு பண்ண மாட்டியேப்பா. அதனால எனக்கே டவுட் வந்துருச்சு."

வலித்தது. ஆறு மாதத்தில் முதல் தடவையாக, நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற அளவுக்கு வலித்தது. பச்சை விழுந்து, பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அவள் என் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, முன்பே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "கடைசிப் பந்து ஸ்ட்ரைக்னு உனக்கு எப்பம்மா தெரிஞ்சுது?"

"கையை விட்டுப் போறப்பவே தெரிஞ்சுதுப்பா" என்றாள்.