எங்கள் ஊர்ப் பேர் எழுதிய வண்டி

என் வீட்டுக்காரருக்கு முடியாது என்று சொல்ல வராது. பெருமைக்குச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். வீடு தேடி வந்தவர்களிடம் இல்லை என்பது மரியாதைக் குறைவாம். என்ன கேட்டாலும் "பண்ணிப்போடலாமுங்க" என்பார். பிறகு செய்ய மாட்டார். கேட்டவரும் இரண்டு நடை நடந்துவிட்டு, புரிந்துகொண்டு நின்றுவிடுவார். எங்கள் பக்கத்து ஆண்கள் பலருக்கும் இதுதான் நாகரிகம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் பக்கத்து ஜில்லா பெருந்துறையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பல்லடம் பக்கம் எங்கள் ஊர்த் தறி முதலாளிகள் சங்கத்துக்கு அப்போது இவர்தான் தலைவர். வந்தவர்களில் மூத்தவர் ஒரு அரிசி மில்காரர். ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவன் எந்த ஜில்லா, எந்த ஸ்டேஷன் எல்லை என்று தகராறு முடிவதற்குள் உயிர் போய்விடுகிறது என்றார். அதற்கு ஒரு வழி யோசித்திருந்தார்கள். அவர்கள் பக்கம் ஒரு ஆம்புலன்ஸ், எங்கள் பக்கம் ஒன்று. இரண்டிலும் கட்டுப் போடத் தெரிந்த ஆட்கள். எது கிட்டத்தில் இருக்கிறதோ அது எல்லை பார்க்காமல் ஓடும். வழியில் உள்ள டீக்கடைகளிலும் எஸ்.டி.டி. பூத்துகளிலும் போன் நம்பர் ஒட்டிவைப்பது. அவரவர் வண்டிக்கு அவரவர் ஊரில் வசூல்.

"நெம்ப நல்ல காரியமுங்க. எங்க பக்கத்து வண்டி எங்க பொறுப்பு. பண்ணிப்போடலாமுங்க" என்றார் இவர். சாப்பிடாமல் விடமாட்டேன் என்று உட்காரவைத்து, இலை போட்டு, நெய்யை இவரே ஊற்றினார்.

அவர்கள் கார் தெருமுனை தாண்டியதும், "நம்ம காசுல வண்டி வாங்கி, அவுங்க ஜில்லாவுல உளுந்து கெடக்கறவனத் தூக்கோணுமா? வேற சோலி இல்ல பாரு" என்றார்.

"அப்பறம் எதுக்குங்க சரின்னீங்க?"

"ஊட்டுக்கு வந்தவங்க மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? நீ ஒருத்தி!"

மில்காரரும் கொங்கு நாட்டுக்காரர்தான். அவருக்கா இந்தப் பேச்சு தெரியாது? ஆனால் உயிர் காக்கிற விஷயத்தில் ஒரு மனுஷன் அப்படி ஒப்புக்குச் சொல்வான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தங்கள் வண்டியை வாங்கிவிட்டார்கள். பூஜைக்கு அழைத்தார்கள், இவர் போகவில்லை. உங்கள் வண்டி எப்போது என்று போன் வரும். இவர் ஃபேனுக்கு அடியில் பேப்பர் படித்தபடி கையை ஆட்டுவார். "அவரு வெளியூர் போயிருக்காருங்க" என்று நான் சொல்வேன்.

"பரவால்லீங்க அம்மணி. அண்ணனுக்கு ஆயிரம் சோலி இருக்கும். வாக்குக் குடுத்தவரு, செஞ்சுபோடுவாரு" என்பார் மில்காரர் அந்தப் பக்கத்தில். போனை வைத்த பிறகு என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. சும்மா போய்ப் பாத்திரம் கழுவுவேன்.

அடுத்த சித்திரையில் காங்கேயத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். இவர்தான் ஓட்டினார். அப்போதைய ஜில்லா எல்லைக்குப் பக்கத்தில், நட்ட நடு மத்தியானம், டயர் வெடித்துக் கார் புளியமரத்தில் மோதியது. எனக்கு நெற்றியில் காயம், அவ்வளவுதான். இவருடைய வலது கால் உள்ளே மாட்டி நசுங்கிக் கிடந்தது. டீக்கடைக்காரர் சுவரில் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் பண்ணிவிட்டு, நாலு பேரைக் கூட்டிவந்து கடப்பாரையால் கதவை நெம்பி இவரை வெளியே எடுத்துப் படுக்கவைத்தார். பஸ்கள் நின்றன, பார்த்தன, போய்விட்டன. கார்க்காரர்களுக்குக் கேஸ் பயம். என் பட்டுச்சேலையைக் கிழித்துக் கட்டியும் ரத்தம் நிற்கவில்லை. "வண்டி வருதா, வண்டி வருதா" என்று இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு வாயில் வந்ததையெல்லாம் பல்லைக் கடித்து விழுங்கினேன்.

வெகு நேரம் கழித்துப் பெருந்துறை வண்டி வந்தது. அதன் பக்கவாட்டில் பெருந்துறை என்று எழுதி, அதற்குக் கீழே அதே அளவு எழுத்தில் எங்கள் ஊர்ப் பேரையும் எழுதியிருந்தார்கள். ஒரு ரூபாய் கொடுக்காத எங்கள் ஊர்ப் பேரை! இறங்கி வந்த ஆள் மளமளவென்று கட்டுப் போட்டுக்கொண்டே, எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"அட, அப்ப இது உங்க வண்டிதானுங்க. பயப்படாம ஏறுங்க அம்மணி."

ஏறினேன். கோயம்புத்தூர் போய்ச் சேரும்வரை அந்த மனுஷன் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

உயிர் பிழைத்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். எங்கள் பக்கத்தில் ஒரு வண்டி நின்றிருந்தால் வந்திருக்கும்தான். அதை டாக்டரிடம் நான் சொல்லவில்லை.

சில நாள் கழித்து மில்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவர் உட்காரவே இல்லை. பையோடு கை இரண்டையும் கூப்பினார்.

"எங்க வண்டி வரச் சொணங்கிப் போச்சுங்கண்ணா. அத்தனை தூரம் வரோணுமில்லீங்களா. கேட்டதுலிருந்து எங்களுக்குச் சோறு எறங்கல. மன்னிச்சுப்போடுங்க."

குத்திக் காட்டுகிறாரோ என்று அவர் முகத்தைத் தேடிப் பார்த்தேன். இல்லை. கண் கலங்கியிருந்தது. இப்போதாவது இவர் வாயைத் திறந்து உள்ளதைச் சொல்வார் என்று காத்திருந்தேன். கால் போன இடத்தில் போர்வை தட்டையாகக் கிடந்தது. அதை ஒரு தரம் பார்த்துவிட்டு இவர் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அட, அதனால என்னங்க. வேணும்னேவா பண்ணுனீங்க? போச்சாது உடுங்க. இனிமேலாச்சும் கொஞ்சம் வெரசா வரப் பாருங்க."

"ஆகட்டுங்கண்ணா" என்று அவர் தலையைத் தொங்கப்போட்டார்.

நான் அங்கேயேதான் நின்றேன். புருஷனை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வளர்த்திருந்தார்கள். சீ, என்ன வளர்ப்போ! பழப் பையை அவர் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.