தீர்த்தக்குடத்துக்கு நான் போட்ட பாட்டு

ஹிப்ஹாப் இசை செய்கிறேன் என்று சொன்னால், எங்கள் பக்கத்தில் அடுத்த கேள்வி இப்படி வரும்: "சரிங்க, சோத்துக்கு என்ன பண்றீங்க?" சோற்றுக்கு டிஜே வேலை. கல்யாணம், சீர், கோயில் பண்டிகை எதுவானாலும் சினிமாக் குத்துப்பாட்டுதான் ஓட வேண்டும். என் சொந்தப் பாட்டுகளைச் சென்னையிலும் கொழும்பிலும் முகம் தெரியாத யாரோ கேட்கிறார்கள். சொந்த ஊரில் ஒருமுறைகூட நான் அவற்றைப் போட்டதில்லை. சிரித்துவிடுவார்கள் என்ற பயம், வேறென்ன.

பாட்டு செய்வது சேந்தமங்கலம் ரோட்டில், அக்காவின் கோழிப்பண்ணையை ஒட்டிய பழைய தீவன அறையில். மாமா தவறிப்போனபிறகு அந்தப் பண்ணைதான் அக்காவுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் சோறு போடுகிறது.

போன சித்திரையில் எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகைக்கு நான்தான் டிஜே. மோகனூரிலிருந்து வேனில் வந்த காவிரித் தீர்த்தத்தை ஊர் எல்லையில் இறக்கி, பெண்கள் குடங்களைத் தலையில் வைத்துக் கோயிலுக்கு நடப்பார்கள். ஏற்றிய குடத்தை வழியில் இறக்கக் கூடாது. ஊர்வலம் வந்த வழியே திரும்பவும் கூடாது. அவர்களுக்கு முன்னால் மினி லாரியில் ஸ்பீக்கர் பெட்டிகளோடு நான். என்னைச் சுற்றி ஆடும் பையன்கள்.

உச்சி வெயிலில், பாதி வழியில், அக்கா போன் செய்தாள். என்னை அவள் 'சாமி' என்றுதான் கூப்பிடுவாள்.

"சாமி, எந்தப் பக்கமாடா வாரீங்க?"

"பாலத்துல வேலை நடக்குதுக்கா. இந்தத் தடவ நம்ம பண்ணை வழியாத்தான்."

"இப்பத்தான் முட்டை வெக்க ஆரம்பிச்ச கோழிடா. இந்த வெயில்ல மெரண்டா கொத்துக்கொத்தாச் செத்துரும். எப்படியாச்சும் பாத்துக்க சாமி."

பாட்டை நிறுத்திவிடலாம் என்றால் அதுவும் முடியாது. பாட்டு நின்ற இடத்தில் சரவெடி கொளுத்துவது எங்கள் பையன்களின் வழக்கம். பண்டிகைக் கமிட்டித் தலைவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நாஞ்சொன்னா எவன் கேக்கறான் தம்பி? நீ பாட்டை நிறுத்தாம ஓட்டு, வெடி வெக்க மாட்டானுக."

பண்ணையின் கூரை தெரிய ஆரம்பித்தது. அப்போதுதான் தோன்றியது: இந்தக் கோழிகள் குஞ்சாக வந்த நாள்முதல் என் சுவருக்கு அந்தப் பக்கம் வளர்ந்தவை. அறைக் கதவைப் படீரென்று சாத்தினால் பதறும். ஆனால் அங்கே நான் தினமும் ஓட்டிய டிரம்ஸுக்குத் தலையைக்கூடத் தூக்காது. குத்துப்பாட்டை மெல்ல இறக்கி, அந்த மாதங்களில் நான் செய்துகொண்டிருந்த என் பாட்டை ஏற்றினேன்.

ஆட்டம் அப்படியே நின்றது.

"என்னங்ணா இது, எழவு ஊட்டுப் பாட்டாட்டம்?"

ஒருவன் லாரியில் ஏறி, பாட்டை மாற்ற மிக்சருக்குக் கை நீட்டினான். நான் குனிந்து உடம்பால் மறைத்துக்கொண்டேன். முதுகில் ஓங்கி ஒரு குத்து விழுந்தது. கீழே இன்னொருவன் சரவெடியைப் பிரிக்கத் தொடங்கியிருந்தான். "அந்த வளைவு வரைக்கும்டா, கும்புடறேன்டா" என்று கெஞ்சினேன். கெஞ்சியதில் எனக்கு வெட்கமே இல்லை. குடம் சுமந்த பெண்கள் மட்டும் நிற்கவே இல்லை. குத்துப்பாட்டைவிட இந்த வேகம்தான் அவர்கள் நடைக்குத் தோதாக இருந்தது. முன்வரிசை அம்மா ஒருவர் வெடிக்காரனைத் தாண்டும்போது, "தீத்தம் போகுது, அதைக் கீழ போடுடா" என்றார். போட்டுவிட்டான். அவனுடைய அம்மாவாக இருக்க வேண்டும்.

கம்பிவலைக்குப் பின்னால் அக்கா கூண்டின்மேல் கை வைத்து, நடந்ததையெல்லாம் பார்த்தபடி நின்றிருந்தாள். கோழிகள் கொக்கரித்தன, அவ்வளவுதான். வளைவு தாண்டியதும் பழையபடி குத்துப்பாட்டைப் போட்டேன். பையன்கள் விசிலடித்தார்கள்.

சாயங்காலம் பண்ணைக்குப் போனேன். "ஒண்ணும் சாகல" என்று அக்கா என் கன்னத்தைத் தடவினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் தீவனத்தை அள்ளிக்கொண்டே கேட்டாள்.

"செவுத்துக்கு இந்தப் பக்கம் நானுந்தான் அந்தப் பாட்டைத் தெனமும் கேக்கறேன். நல்லாத்தான இருக்குது? வளைவு தாண்டுனதும் எதுக்கு மாத்துன?"

"பசங்க அடிப்பானுகக்கா."

"அடிதான் முன்னாலயே வாங்கிட்டயே சாமி. கோழிக்குன்னா வாங்குவ, உன்ற பாட்டுக்குன்னா வாங்க மாட்டயா?"