கன்னி மூலையில் ஒரு பள்ளம்

அமெரிக்காவில், கேட்டி என்ற ஊரில் நாங்கள் வாங்கிய வீட்டுக்குப் பின்னால் மாடு மேயும் புல்வெளி. நடுவில் ஒரு கம்பி வேலி. அந்த வேலி என் மனைவியின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆர்க்கிடெக்சர் படித்தவள்; விசாவால் வேலைக்குப் போக முடியாமல், இங்கிலாந்துப் பிரபுக்களின் மாளிகைத் தோட்டங்களைப் பற்றிய தடித்தடிப் புத்தகங்களை லைப்ரரியிலிருந்து தூக்கிவந்து படித்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தோட்டங்களில் வேலி கண்ணுக்கே தெரியாதாம். எல்லையில் நீளமாகப் பள்ளம் வெட்டி, வேலியை அதற்குள் இறக்கிவிடுவார்களாம். ஜன்னலிலிருந்து பார்த்தால் தூரத்து மாடுகள் நம் தோட்டத்தில் மேய்வது போலிருக்கும். ஆனால் ஒரு மாடும் உள்ளே வர முடியாது.

"நாமளும் பண்ணலாம்ங்க" என்றாள். மாட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். பிறகு வீக்கெண்ட் என்றாலே மண்வெட்டிதான். வேலை முடிந்த அன்று சமையலறை ஜன்னலில் நின்று, "பாருங்க, எவ்ளோ பெரிய எஸ்டேட் நம்மளது!" என்று குதித்தாள்.

சாப்பிட வந்த ஒரு ஆன்ட்டிதான் பள்ளம் இருப்பது தென்மேற்கு என்று கண்டுபிடித்தார். "கன்னி மூலைல பள்ளமா? வீட்டுப் பொம்பளைக்கு ஆகாதேம்மா."

"அப்படின்னா இங்கிலாந்துல ஒரு சீமாட்டியும் மிஞ்சியிருக்க மாட்டாளே ஆன்ட்டி!" என்றாள் என் மனைவி. எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த வருடம் அவளுக்கு மார்பில் கேன்சர். கீமோ கேட்கவில்லை. ஜன்னலோரம் சோபாவில் படுத்திருந்தவள் ஒருநாள், "அந்தப் பள்ளத்த மூடிடுங்க" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அந்த ஆன்ட்டி உளறினத நீயுமா நம்புற?"

"நம்பலங்க. ஆனா எனக்கு அப்புறம் இந்த வீட்டுல பொம்பளன்னா நம்ம பாப்பாதானே."

பாப்பா அப்போது கிண்டர்கார்டனில் இருந்தாள்.

மூடினேன். வேலியைப் பழைய இடத்தில் நட்டேன். அவள் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். சில வாரங்களில் போய்விட்டாள். அந்த ஆன்ட்டியை நான் மன்னிக்கவே இல்லை.

வெட்டி மூடிய மண் லேசில் இறுகாது. ஒவ்வொரு பெருமழைக்கும் கீழே இறங்கி, அவள் கயிறு கட்டிக் காட்டிய அதே இடத்தில் பள்ளம் விழுந்தது. அம்மா வெட்டியதை அப்படியே விட்டால் என்ன என்று பாப்பா இங்கிலீஷில் கேட்பாள். விட்டுவிட எனக்கும் அவ்வளவு ஆசை. கன்னி மூலையிலும் வாஸ்துவிலும் எனக்குத் துளிகூட நம்பிக்கை கிடையாது. ஆனாலும் மழை விட்டதும் ஒரு மூட்டை மண்ணைத் தூக்கிக்கொண்டு போய் நிரப்பிவிட்டுத்தான் வருவேன்.