விட்ட எழுத்துக்கு ஒரு கோடு

எங்கள் அக்கா நம்மைவிட்டுப் போய் வருகிற ஞாயிறோடு ஓராண்டு நிறைகிறது. அன்று ஏரல் வீட்டு முற்றத்தில் நடக்கும் நினைவுக் கூட்டத்துக்கு வரும் உறவினர், நண்பர்கள் கையில் இந்த நினைவு மலரைக் கொடுக்கிறோம். தேதி, கிழமை, மணி என்று கோத்து எழுதுவது என் நெடுநாள் பழக்கம். என் நாட்குறிப்பைப் புரட்டும்போதெல்லாம் அக்கா, "தேதியக் கொறச்சிட்டு ஆளச் சொல்லுலே" என்பார்கள். ஆகவே இங்கே தேதிகளைக் குறைத்திருக்கிறேன்.

அக்கா பிறந்தது கொற்கைக்கு அடுத்த சிற்றூரில். அப்பா அங்கே மிஷன் தொடக்கப்பள்ளி ஆசிரியர். என்னைவிட அக்கா மூன்று வயது மூத்தவர்கள். அக்கா பள்ளிப்படிப்பை முடித்த ஆண்டிலேயே அப்பா காலமானார்கள். கல்லூரிக்குப் போய்க் கணிதம் படிக்க வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. உதவித்தொகையோடு இடம் கிடைத்தது செவிலியர் பயிற்சியில். "நர்ஸும் கணக்குத்தாம்லே, மருந்த எத்தன சொட்டுன்னு எண்ணணும்லா" என்று சொல்லிவிட்டு டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறினார்கள். அந்த உதவித்தொகையிலும் அதற்குப் பின் வந்த சம்பளத்திலும்தான் நானும் படித்தேன்.

தாமிரபரணிக் கரையிலுள்ள அரசு மருத்துவமனைகள் பலவற்றில் அக்கா பணியாற்றினார்கள். அவர்களோடு வேலை பார்த்தவர்கள் இன்றும் சொல்வது ஒன்று உண்டு. நோயாளியின் அட்டையில் காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் எழுதும் கட்டங்களில் ஒன்றுகூட வெறுமையாக இருக்க அக்கா விடமாட்டார்கள். "ஒரு கட்டம் காலியா கெடந்தா, அடுத்து டூட்டிக்கு வாரவ குருடி மாதிரி நிப்பா" என்பார்கள். விடுபட்டது தெரிந்தால் பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பிப் போய் எழுதிவிட்டு வந்த நாட்களும் உண்டு. அத்தான் அரசுப் பேருந்து நடத்துநர். "ஒங்க அக்கா எங்க எறங்குவான்னு தெரியாம டிக்கெட் கிழிக்க முடியாதுப்பா" என்று கேலி செய்வார்கள். அத்தான் மறைந்த பிறகும் அக்கா ஏரலிலேயே இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. என் பிள்ளைகளைத்தான் தம் பிள்ளைகளாக எண்ணினார்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தை நம்மில் யாரும் மறக்க முடியாது. அந்த ஞாயிறு மாலை அக்காவிடம் போனில் பேசினேன். அதற்குப் பின் இணைப்பு இல்லை. பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு முறை புறப்பட்டு, இரண்டு முறையும் வழியில் தண்ணீரைப் பார்த்துத் திரும்பினேன். புதன்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு அறிமுகமில்லாத ஒருவர் போன் செய்தார். எழுதி வைத்திருந்ததை அப்படியே வாசித்தார்: "அக்கா நலம். மாடியில் ஒன்பது பேர். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இன்சுலின் வேண்டும். தம்பி வர வேண்டாம்."

மேலப்பாளையத்தில் மிக்ஸி, டி.வி. பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் காசிம் பாய் நிவாரணப் படகில் ஏரலுக்குப் போயிருந்தார். அவர் அமெச்சூர் வானொலிக்காரர்; அதாவது ஆர்வத்துக்காகச் சொந்தக் கருவியில் அலைவழியே பேச உரிமம் பெற்றவர். செல்போன் கோபுரங்கள் ஓய்ந்துவிட்ட ஊரிலிருந்து அவர் கைக்கருவியில் சொல்லச் சொல்ல, இடையில் காரில் இருந்த நண்பர் வாங்கிக் கடத்த, பாளையங்கோட்டையில் இன்னொரு நண்பர் எழுதிக்கொண்டு எனக்குப் போன் செய்திருக்கிறார். மறுநாள் இன்சுலின் படகில் வந்தது. அந்த அம்மா இன்றும் நலம். ஞாயிறு கூட்டத்துக்கு வருவார்.

செய்தியை அனுப்பி முடித்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வியைக் காசிம் பாய் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"பாய், இந்தப் பெட்டிய நானும் வச்சிக்கிடலாமா?"

"பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கணும் சிஸ்டர்."

"எழுதுதேன்."

"வயசு என்ன ஆகுது?"

"அறுவத்தொண்ணு. கேள்வித்தாளு வயசு கேக்குமா?"

பொங்கல் கழிந்ததும் சனிக்கிழமைதோறும் அக்கா ஏரலிலிருந்து பஸ்ஸில் மேலப்பாளையம் வந்தார்கள். துணைக்கு நானும் போவேன். பரீட்சையில் இரண்டு தரம் உண்டு. ஒன்றில் வானொலியின் அடிப்படைகளும் சட்டதிட்டங்களும் மட்டும் போதும். மேல்தரத்துக்கு அவற்றோடு மோர்ஸும் தேற வேண்டும். அதாவது குறுகியதும் நீண்டதுமான ஒலிகளைக் காதால் கேட்டு எழுத்தாக எழுதவும், சாவி என்கிற தந்திக் கட்டையைத் தட்டி அனுப்பவும் தெரிய வேண்டும். சின்னதையே எழுதலாமே என்று சொன்னேன். "பாதிப் படிப்பு எனக்கு ஆகாது" என்றார்கள்.

கம்பியில் மின்னோட்டத்துக்கு வரும் தடையை அடைபட்ட ரத்தக்குழாய் என்று வைத்துப் புரிந்துகொண்டார்கள். சட்டவிதிகளை மருந்துப் பெயர்கள் போல மனப்பாடம் செய்தார்கள். மோர்ஸ் சாவியைக் காசிம் பாய் ஒரு சப்பாத்திப் பலகையில் பொருத்திக் கொடுத்தார். கடையில் அந்த ஒலி கேட்டுக்கொண்டே இருக்கும். மிக்ஸி வாங்க வந்த ஒருவர் ஒருநாள், "என்ன பாய், ரிப்பேர் கடையா, தந்தி ஆபீஸாவே?" என்று கேட்டார்.

"ஒம்ம மிக்ஸி ரெடியாத்தான் இருக்கு. சத்தம் காட்டாம எடுத்துக்கிட்டு போம்வே. சிஸ்டருக்கு எழுத்து விட்டுப்போவுது."

எழுத்து விட்டுப்போவதுதான் அக்காவின் சிக்கல். மோர்ஸ் யாருக்காகவும் நிற்காது. ஓர் எழுத்து காதில் சிக்கவில்லை என்றால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த எழுத்தைப் பிடிக்க வேண்டும். எல்லாருக்கும் முதலில் சொல்லித் தருவது இதைத்தான். அக்காவால் அது முடியவில்லை. காலியாகக் கிடந்த இடத்துக்கு மனம் திரும்பிப் போய்விடும்.

ஜூன் மாதம் திருவனந்தபுரத்தில் தேர்வு. எழுத்துப் பகுதிகள் இரண்டிலும் நல்ல மதிப்பெண். மோர்ஸில் மூன்றாவது வரியில் ஓர் எழுத்து நழுவியது. அதைத் தேடப் போனதில் மீதி வரி முழுவதும் போயிற்று. தேர்வாளர் கனிவானவர். "ஒரு எழுத்தை விட்டிருந்தால் தேறியிருப்பீர்கள் அம்மா" என்று சொல்லி அனுப்பினார். ரயிலில் நாகர்கோவில் வரும்போது அக்கா, "காலியா விட்டுட்டுப் போனா நெஞ்ச அடைக்குதுலே. முப்பது வருசத்துக்கு மேல பழகுன பழக்கம்லா" என்றார்கள்.

ஆகஸ்டில் குரல் கரகரத்தது. சளி என்று நினைத்தோம். பரிசோதனையில் குரல்வளையில் புற்று என்று தெரிந்தது. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், அதன் பின் இயல்பான பேச்சு இருக்காது என்று மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். பரீட்சை இருந்த இடத்தில் இப்போது வேறொன்று வந்து நின்றது. நான் அந்தச் சப்பாத்திப் பலகையை அலமாரியின் மேல்தட்டில் எடுத்து வைத்துவிட்டேன். அது என் தவறு.

அறுவைச் சிகிச்சை நாளன்று காலை, சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் போனில் பேசி முடித்தபின், காசிம் பாய்க்கு ஒரு போன் போடச் சொன்னார்கள்.

"பாய், ஊமைக்கு மோர்ஸ் பரீட்சை உண்டுமா?"

"காதுக்கும் கைக்கும்தான் சிஸ்டர் பரீட்சை. தொண்டையப் பத்தி ஒரு கேள்விகூடக் கெடையாது."

"அப்ப சாவிய எண்ணெய் போட்டு வையும். இந்தப் பய மேல தூக்கி வச்சிருப்பான்."

எங்கள் காதில் விழுந்த அக்காவின் கடைசிப் பேச்சு அதுதான்.

கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்று வாங்கினோம். கடைக்குப் போக அது போதும். ஆனால் அதில் அக்காவின் பேச்சு இருந்தது, அக்கா இல்லை. நோட்டில் எழுதிக் காட்டினால் எதிரே இருப்பவர்கள் பாதி வாசிக்கும் முன்பே தலையாட்டிவிடுவார்கள். அடுத்த பரீட்சை பிப்ரவரியில். அதில் தேறினால் மூச்சை நம்பாத ஒரு பேச்சு கிடைக்கும். கிடைக்காவிட்டால் நோட்டுதான். எங்கள் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது.

காசிம் பாய் கடையில் பில் போடும் இயந்திரத்தின் தாள்சுருள் ஒன்றைக் கொண்டுவந்தார். அக்கா அதில் எழுத எழுத, அவர் மறுமுனையைப் பிடித்துப் பைய இழுத்துக்கொண்டே இருப்பார். எழுதியது கைக்கெட்டாமல் போய்விடும். திரும்பிப் போக வழி இல்லை. முதல் நாள் அக்கா சுருளைப் பிடித்துத் தம் பக்கம் இழுத்தார்கள். அவர் விடவில்லை. தாள் கிழிந்தது. "ஆறு சுருள் வாங்கி வச்சிருக்கேன் சிஸ்டர், எத்தனைய வேணும்னாலும் கிழிங்க" என்றார். அக்கா ஓசையில்லாமல் சிரித்தார்கள். தோள் குலுங்கியதைப் பார்த்துத்தான் சிரிப்பென்று தெரிந்தது. நான்காவது சுருளில் முதல் கோடு விழுந்தது. அதன் பக்கத்தில் அடுத்த எழுத்து சரியாக இருந்தது.

பிப்ரவரியில் எல்லாப் பகுதிகளையும் மறுபடி எழுதினார்கள். மோர்ஸ் தாளில் மூன்று கோடுகள். மற்றதெல்லாம் எழுத்து. தேறிவிட்டார்கள் என்று தேர்வாளர் சொன்னபோது, அக்கா நோட்டில் எழுதிக் காட்டியது: "மூணு கட்டம் காலி. மன்னிக்கணும்."

உரிமத்துக்கு முன் காவல் நிலைய விசாரணை உண்டு. வீட்டுக்கு வந்த காவலர், "இந்த வயசுல எதுக்கும்மா ஒயர்லெஸ்? யார்கிட்ட பேசப் போறீங்க?" என்று கேட்டார். அக்கா எழுதினார்கள்: "முதல்ல உங்ககிட்ட பேசணும். தெருவிளக்கு எரியல." அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்து வாங்கிப் போனார். அடுத்த வாரம் விளக்கு எரிந்தது.

ஆகஸ்டில் உரிமமும், அலையில் பெயருக்குப் பதிலாக வழங்கும் அழைப்புக்குறியும் வந்தன. ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு நம் பக்கத்து வானொலிக்காரர்கள் அலையில் கூடுவார்கள். காசிம் பாய் வரிசையாக ஒவ்வொருவர் அழைப்புக்குறியையும் கூப்பிட, அவரவர் பதில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் குரலில் பேசுவார்கள். அக்கா சாவியில் பேசுவார்கள். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள். அந்தக் குழுவில் பலரும் அக்காவுக்காகவே மோர்ஸைப் புதுப்பித்துக்கொண்டார்கள். யாருக்குச் சர்க்கரை, யார் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினார் என்பதெல்லாம் அக்காவுக்குத் தெரியும்; அலையில் வைத்தே கேட்டுவிடுவார்கள். "வாயால பேசுத எங்க எல்லாரையும்விட கையால பேசுத ஒங்க அக்கா பேச்சுதாம்வே அதிகம்" என்றார் காசிம் பாய். அந்த மழைக்காலத்தில் ஏரலில் ஆற்றுத் தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்று மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அனுப்பினார்கள். அந்த அளவுகளைக் குறித்து வைத்த அட்டை என்னிடம் இருக்கிறது. ஒரு கட்டமும் காலி இல்லை.

பத்து மாதம் அப்படிப் பேசினார்கள். பிறகு நோய் திரும்பியது. மருத்துவமனையில் கடைசி வாரம் பென்சில் பிடிக்கவும் விரல்களுக்கு வலுவில்லை. வியாழக்கிழமை பிற்பகல் என் உள்ளங்கையைப் பிடித்து, கட்டைவிரலால் குறுக்கியும் நீட்டியும் அழுத்தினார்கள். சனிக்கிழமைகளில் பக்கத்தில் இருந்து கேட்ட அளவுக்குத்தான் எனக்கு மோர்ஸ். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். ஏழு ஆங்கில எழுத்துகள். இரண்டு பிடிபடவில்லை. அந்த இரண்டு இடத்திலும் கோடு போட்டேன். போட்டுவிட்டுப் பார்த்தால், 'சாப்டியா' என்று கேட்டிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு, வெளியே போய்ச் சாப்பிட்டு வந்தேன். சனிக்கிழமை விடியலில் அக்கா அமைதியாக ஓய்ந்தார்கள்.

அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவருக்கும், முறை வைத்துக்கொண்டு உடனிருந்த செவிலியர்களுக்கும், ஏரல் தெருவார்க்கும், சபையாருக்கும், பயணத்தில் ஒரு சனிக்கிழமைகூடக் கைவிடாத பேருந்து நடத்துநர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. காசிம் பாய்க்கு நன்றி சொன்னால் கோபிப்பார். ஆகவே அவருக்கு ஆறு தாள்சுருள்கள் வாங்கி வைத்திருக்கிறேன். அவற்றில் இரண்டு நான் பயின்று தீர்த்தவற்றுக்கு ஈடு.

ஆம், நானும் எழுதினேன். சென்ற மாதம் என் உரிமம் வந்தது. எங்கள் ஞாயிற்றுக் கூட்டத்தில் காசிம் பாய் இன்னும் அக்காவின் அழைப்புக்குறியைக் கூப்பிடுகிறார். கூப்பிட்டுவிட்டு, ஒரு பதிலுக்கு வேண்டிய நேரம் காத்திருக்கிறார். அந்த இடத்தை யாரும் நிரப்புவதில்லை. பிறகு அடுத்த பெயருக்குப் போகிறார்.

அடுத்த பெயர் என்னுடையது. நான் சாவியில் கைவைத்துப் பதில் சொல்கிறேன்.