அவர் கணினியில் மட்டும் சிவப்பு

மதுரையில் நான் வேலை பார்க்கும் சிறிய மென்பொருள் நிறுவனம், ஓர் அறக்கட்டளைக்காக இணையதளம் ஒன்றை நடத்திவந்தது. கல்லூரியில் சேரும் கிராமத்து மாணவிகள் இலவச விடுதிக்கு அதில் விண்ணப்பிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு விண்ணப்பம் மூடப்படும். விடுதி கிடைக்காத பெண்ணுக்குப் பல வீடுகளில் கல்லூரியும் கிடைக்காது. இதை அறிந்துதான் அந்தப் பணியை நான் விரும்பிக் கேட்டு வாங்கியிருந்தேன்.

ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரு சோதனை நிரல் தானாகவே பிரவுசரைத் திறந்து, கற்பனையான மாணவி ஒருத்தியின் விவரங்களை நிரப்பி, கடைசிப் பொத்தானை அழுத்திப் பார்க்கும். முடிந்தால் பச்சை, தடைபட்டால் சிவப்பு. எல்லாக் கணினிகளிலும் பச்சை வந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒருவரின் மடிக்கணினியில் மட்டும் சிவப்பு.

"தங்கச்சி, லேப்டாப்புக்குத் திருஷ்டி சுத்திப் போடுத்தா," என்றார் எங்கள் குழுத் தலைவர். பிறகு என்னிடம், "மாப்ள, கோளாறு மெஷின்லயா, ஆள்லயா? ரெண்டுல ஒண்ண மாத்திருவோம்."

"ஆள மாத்துனா லேப்டாப்பையும் கையோட கொண்டுபோயிருவேண்ணே," என்றார் அந்தப் பெண். சிரித்தார், ஆனால் முகம் வாடியிருந்தது.

நான்கு நாட்கள் அந்தக் கணினியோடு போராடினேன். பிரவுசரை நீக்கி, எங்களிடம் இருந்த அதே பதிப்பை நிறுவினேன். வைரஸ் தடுப்பை நிறுத்தினேன். வேறு இணைய இணைப்பில் ஓட்டினேன். பொத்தானின் மேல் வேறொன்று மறைத்துக்கொண்டிருக்கிறது என்று பிழைச் செய்தி ஒவ்வொரு முறையும் சொன்னது. பக்கம் மெதுவாகத் திறந்தாலும் வரக்கூடிய செய்திதான் என்று எண்ணி, காத்திருக்கும் நேரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனேன்.

வியாழக்கிழமை காலை பொறுமை இழந்து, ஒரே ஒரு வரி சேர்த்தேன். மேலே எது மறைத்தாலும் பொருட்படுத்தாமல், பொத்தானுக்கு நேரடியாகக் கட்டளை அனுப்பும் வரி அது. பச்சை வந்தது. அவரைக் கேலியிலிருந்து காப்பாற்றிவிட்ட நிறைவோடு, "சரியாயிருச்சு," என்றேன்.

அவர் மகிழவில்லை. "அண்ணே, இப்ப அது பட்டன அமுக்குச்சா, இல்ல அமுக்குன மாதிரி காட்டுச்சா?"

அவர் பக்கத்தைத் திறந்து, தன் கையாலேயே எல்லாவற்றையும் நிரப்பினார். இறுதியில் விவரங்களைச் சரிபார்க்கும் பெட்டி வந்தது. அதன் தலைப்பில் 'சேமி' என்ற ஆரஞ்சுப் பொத்தான். அடியில் இருக்க வேண்டிய 'சமர்ப்பி' பொத்தானைக் காணவில்லை. அறக்கட்டளையின் முகவரியோடு பக்கத்தின் அடியில் அசையாமல் நிற்கும் பட்டை, எழுத்து பெரிதானதால் தானும் பெருத்து, அதை முழுதாக மூடியிருந்தது. பெட்டியும் நகர மறுத்தது.

"எழுத்த ஏன் இம்புட்டுப் பெருசா வச்சிருக்கீங்க?" என்றேன். பிரவுசரை எத்தனை முறை மாற்றினாலும், கணினியின் எழுத்தளவு மாறாமல் அப்படியே இருந்திருக்கிறது.

"பழக்கம்ணே. முன்னாடி பரவையில பிரவுசிங் சென்டர்ல இருந்தேன்ல? ஃபாரம் நெரப்புனதும் ஸ்கிரீனத் திருப்பி, எழுத்தப் பெருசாக்கித்தேன் காட்டுவோம். அப்பா, சித்தப்பா, அத்தைன்னு நாலு பேரு பின்னாடி நின்னு பேரு, இனிஷியலெல்லாம் சரிபாப்பாக. எல்லாக் கடையிலயும் அப்படித்தேன்."

சொல்லி முடித்ததும் அவரே உறைந்துபோனார். கிராமத்து மாணவிகள் விண்ணப்பிப்பதும் அத்தகைய கடைகளில்தான்; அங்கேயும் 'சமர்ப்பி' தெரிந்திருக்காது. உடனே பழைய கடைக்காரரை அழைத்து, நானும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தார்.

"விடுதி ஃபாரமா? பத்துப் பன்னெண்டு புள்ளைகளுக்குப் போட்டுட்டேனே," என்றது அந்தக் குரல். "ஆரஞ்சுப் பட்டன அமுக்குனா 'சேமிக்கப்பட்டது'ன்னு வருதுல? அதப் பிரிண்ட் எடுத்துக் குடுத்தாச்சு. வேற பட்டன் ஒண்ணும் இல்லையேத்தா."

தரவுத்தளத்தைத் திறந்தேன். சேமிக்கப்பட்டு, அனுப்பப்படாமல் கிடந்த பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டே இருந்தன. பரவை, சமயநல்லூர், திருவாதவூர். ஒருவரும் புகார் செய்யவில்லை. புகார் செய்ய ஏதோ இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. பத்து நாட்களாக எங்கள் திரைகளில் பச்சை மின்னிக்கொண்டிருந்தது. பிழையைச் சொன்ன ஒரே கணினியின் வாயையும் ஒரு மணி நேரத்துக்கு முன்பு நான் அடைத்திருந்தேன்.

என் வரியை நீக்கினேன். எல்லாக் கணினிகளிலும் எழுத்தை அவருடைய அளவுக்குப் பெரிதாக்கிச் சோதனையை ஓட்டினோம். எல்லாவற்றிலும் சிவப்பு.

"இப்பத்தேன் எல்லா மெஷினும் ஒழுங்கா இருக்குண்ணே," என்றார் அவர். குழுத் தலைவர் நாற்காலியை இழுத்துப்போட்டு, பட்டையைத் தாமே திருத்தத் தொடங்கினார்.

மாலைக்குள் பக்கம் சரியானது. ஆனால் மாணவிகளுக்குப் பதிலாக நாங்கள் சமர்ப்பிக்க முடியாது. ஒவ்வொருவரின் எண்ணுக்கும் வரும் குறியீட்டை அவர்களே இட வேண்டும். பட்டியலை மூவரும் பிரித்துக்கொண்டு, வெள்ளி காலையிலிருந்து அழைத்தோம். நான்கரை மணிக்கு எஞ்சியது திருவாதவூர் மாணவி ஒருத்தி மட்டும். அவளுடைய அப்பாவின் போன் அணைந்தே கிடந்தது. நாலே முக்காலுக்குப் புதிதாகச் சேர்ந்தவர் ஸ்பீக்கரில் மீண்டும் அழைத்தபோது மணி அடித்தது, மாணவியே எடுத்தாள்.

"அதேன் போட்டாச்சேக்கா. அந்தப் பேப்பர லேமினேட் பண்ணி சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருக்கோம்."

"அது சேமிச்சது மட்டுந்தேன்த்தா. இன்னும் அனுப்பல."

"அப்ப அந்தப் பேப்பரு செல்லாதாக்கா?"

"இன்னொரு பட்டன் இருக்கு. நான் சொல்லச் சொல்ல அமுக்கு."

சிக்னலுக்காக மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டது. குறியீட்டை முதல் முறை தவறாக இட்டாள். இரண்டாம் முறை, "பச்சைப் பட்டன் தெரியுதுக்கா," என்றாள். ஐந்து மணிக்கு நான்கு நிமிடம் இருந்தபோது, எங்கள் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே 'சமர்ப்பிக்கப்பட்டது' என்று வந்தது.

போனை வைத்துவிட்டு அவர் மேசையில் தலை சாய்த்துக்கொண்டார். ஐந்து மணி கடந்து பக்கம் மூடிய பிறகும், நான் பட்டியலை மேலிருந்து ஒவ்வொரு பெயராக மீண்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.