ஆடிச்சுற்று நேரலை

டிவி நிலையத்தில் வேலை என்றால் வெளியூர்க்காரர்கள் பெரிய கட்டடத்தைக் கற்பனை செய்துகொள்வார்கள். ஜவுளிக் கடைக்கு மேலே தகரக் கூரை போட்ட இரண்டு அறை, அவ்வளவுதான். ஒன்றில் வயர்களும் பெட்டிகளும். இன்னொன்றில் நீலத் திரைச்சீலை, ஒரு நாற்காலி, நான். பிறந்தநாள் வாழ்த்து வாசிப்பது, மரண அறிவிப்பு வாசிப்பது, கரண்ட் எப்போது போகும் என்று சொல்வது, திரைக்கு அடியில் ஓடும் வரிகளை டைப் அடிப்பது, எல்லாம் நான்தான். அறையைக் கூட்டுவதும் நான்தான். அதை மட்டும் ஒளிபரப்புவதில்லை.

நிலையத்தைத் தொடங்கியவர் அண்ணாச்சி. மொட்டை மாடியில் ஒரு குடை ஆன்டெனாவும் ஒரு வீடியோ டெக்கும் வைத்துக்கொண்டு, தெருத் தெருவாக கேபிள் இழுத்தவர். இப்போது எங்கள் கேபிள் வாசுதேவநல்லூர், ராயகிரி வரை போகிறது. செட்டாப் பாக்ஸ் வந்தது, அப்புறம் ஆளுக்கொரு போன் வந்தது. "இனி நம்மள யாரு அண்ணாச்சி பாக்கப் போறா?" என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்பேன். "ஊர்க்காரன் ஊர்க்காரனைப் பாக்கணும்லா, அதுக்கு வருவான்" என்பார். ஏதோ பெரிய ரகசியத்தைச் சொன்னவர் மாதிரி சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியதும் எங்கள் ஊரில் ஜனம் கோயில் பிரகாரத்தைச் சுற்ற ஆரம்பித்துவிடும். நூற்றியொன்று, ஐநூற்றியொன்று என்று அவரவர் நேர்ந்துகொண்ட கணக்கு. பல நாளாகப் பிரித்துச் சுற்றி முடிப்பார்கள். ஆடிச்சுற்று என்று பேர். ஒரு வருஷம் அண்ணாச்சி கோயிலில் அனுமதி வாங்கி, பிரகாரத்தின் ஒரு மூலையில் தூணோடு தூணாக ஒரு கேமராவைக் கட்டிவைத்தார். பின்னால் ஆள் கிடையாது. காலை ஆறு மணிக்குப் போட்டால் சாயங்காலம் வரை அந்த மூலையைத் திரும்புகிறவர்களை அது பாட்டுக்குக் காட்டிக்கொண்டிருக்கும்.

"சும்மா நடக்கதை எவன் பாப்பான்?" என்று சண்டை போட்டேன். முதல் நாளே என் வாயை அடைத்துவிட்டார்கள். டிவியில் பார்த்தவர்கள், யூடியூபில் பார்த்தவர்கள், ஒருத்தர் பாக்கியில்லாமல் போன் செய்தார்கள். துபாயிலிருந்து ஒருவர், "நீலச் சட்டை எங்க அப்பா. மூணு மணி நேரமா நடக்காரு. யாராவது ஒரு மோர் வாங்கிக் குடுங்களேன்" என்றார். வாங்கிக் கொடுத்தோம். அவர் அப்பா மோரைக் குடித்துவிட்டு, கேமரா எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தூணைப் பார்த்துக் கும்பிட்டார்.

நான் சொல்ல வந்தது அடுத்த வருஷம் நடந்தது. உச்சி நேரம். ராயகிரிப் பக்கம் பருத்தி போடுகிற பெரியவர் ஒருவர் படியேறி வந்தார். செருப்பில்லாத கால் செக்கச்செவேல் என்று இருந்தது. தோளில் பச்சைத் துண்டு, அதன் முனையில் ஒரு முடிச்சு.

"எங்க வீட்டம்மாவைக் காணும் தாயி. காணலைன்னு டிவில போடணும்" என்றார்.

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து விசாரித்தேன். ரெண்டு வருஷமாக அந்த அம்மாவுக்கு ஞாபகம் பிசகுகிறது. சில நேரம் கட்டினவரையே யாரென்று கேட்கிறாள். ஆனாலும் வருஷம் தவறாமல் ஆடிச்சுற்று. அவள் சுற்றுவாள், அவர் ஒரு தூணடியில் உட்கார்ந்து எண்ணுவார். ஒரு நாளைக்கு இருபத்தியொரு சுற்று என்று கணக்கு, அதற்குத் துண்டு முனையில் இருபத்தியொரு புளியங்கொட்டை. அவள் கடந்து போகும்போதெல்லாம் ஒன்றை எடுத்து இந்தப் பக்கம் வைப்பார். முடிந்ததும் "போதும்" என்பார். அவர் சொல்லாமல் அவள் நின்றதே இல்லை. அன்று பதினாலு கொட்டை ஆனபோது, எல்லாவற்றையும் துண்டில் முடிந்துகொண்டு அவளுக்குத் தண்ணீர் வாங்க எழுந்து போயிருக்கிறார். திரும்பி வருவதற்குள் கூட்டம் பெருத்து, கயிறு கட்டி ஆட்களை நகர்த்திவிட்டார்கள். அவர் உட்கார்ந்திருந்த தூணும் கைவிட்டுப் போயிற்று, அவளும் போய்விட்டாள்.

"சுகர் வேற இருக்கு. காலையில மாத்திரை போட்டுக்கிட்டா, ஒண்ணும் திங்கல. எங்கன விழுந்து கிடக்காளோ."

"எப்படித் தேடுனிய?"

"நானும் கூட வந்த மச்சானும் சுத்திச் சுத்தித் தேடுனோம் தாயி."

"எந்தப் பக்கமா சுத்துனிய?"

"கோயிலை எந்தப் பக்கமாச் சுத்துவாவ? வலமாத்தான்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவளும் வலமாகத்தான் போகிறாள், தேடுகிறவர்களும் வலமாகவே பின்னால் போகிறார்கள். எதிரே வந்திருந்தால் ஒரே சுற்றில் பார்த்திருக்கலாம். அதைச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "அதுக்காவ கோயிலை இடமாச் சுத்த முடியுமா?" என்றார். நானாக இருந்தாலும் சுற்றியிருக்க மாட்டேன்.

காணவில்லை, மஞ்சள் சேலை, நெற்றியில் கோயில் புற்றுமண் என்று வரி அடித்து ஓடவிட்டேன். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது, போன். "மஞ்சச் சேலை அம்மாவா? இப்பத்தான் மூலை திரும்புனாவ. காலையிலேருந்து பாக்கோம்." அடுத்த போன். "எங்க வீட்ல அவியளுக்கு எக்ஸ்பிரஸ்னு பேரே வச்சாச்சி." சிவகிரியிலிருந்து ஒரு பெண் அழுதுகொண்டே, "அவிய காலைத் தாங்கித் தாங்கி நடக்காவ பாருங்க, யாராவது பிடிங்க" என்றாள். ஊரே அவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. பக்கத்து அறையில் அதே படம் ஓட நான் மட்டும் பார்க்கவில்லை. அண்ணாச்சி வருஷக்கணக்காகச் சொன்னது அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது.

"இனித் தேடிப் போகாதிய. கேமராவுக்கு அடியில நில்லுங்க, அவிய தானா வருவாவ" என்று சொல்லிப் பெரியவரோடு நானும் ஓடினேன். அண்ணாச்சி காலை ஆறு மணிப் பதிவை வேகமாக ஓட்டி எண்ண உட்கார்ந்தார். அவரிடம் எண்ணச் சொன்னதே பெரியவர்தான். எத்தனையாவதாக இருந்தால் என்ன, முடிந்துவிட்டது என்று சொல்லி நிறுத்துங்கள் என்றேன். "கணக்கு தெரியாம எப்படித் தாயி போதும்ங்கது? பொய்யாப் போயிருமே" என்றார்.

வந்தாள். உச்சி வெயிலில் உதடு வெளுத்து, சேலை முந்தானை தரையில் இழுபட, கண் நேரே பார்க்க. கால் மட்டும் நிற்கவில்லை. பெரியவர் கூடவே நடந்து, "ஏட்டி, நில்லு" என்று கையைப் பிடித்தார். அவள் உதறினாள்.

"யாருவே நீரு? எங்க வீட்டுக்காரரு சொல்லணும்."

அவர் கை அப்படியே நின்றுவிட்டது. இன்னொரு பக்கம் நான் நடந்தேன். போனில் அண்ணாச்சி, "நாப்பத்திநாலு" என்றார். இருபத்தியொன்று முடிந்து எத்தனையோ நேரமாகியிருந்தது. போதும் என்று சொல்ல ஆள் வராததால் இத்தனை நடையா என்பதே என் மனசில் நின்றது. கோபுரத்தைப் பார்த்து மலைத்திருக்கிறேன், தேரைப் பார்த்து மலைத்திருக்கிறேன். ஒரு மனுஷியின் இரண்டு கால்களைப் பார்த்து மலைத்தது அன்றைக்குத்தான்.

"அம்மா, இருபத்தொண்ணும் முடிஞ்சிட்டு. நாங்க எண்ணிட்டோம்" என்றேன்.

என் குரலைக் கேட்டதும் அவள் திரும்பினாள். "நீ டிவில பேசுத புள்ளல்லா?" என்றாள். நாற்பது தாண்டிய புள்ளை நான். கட்டினவர் முகம் மறந்தவளுக்கு என் குரல் ஞாபகமிருந்தது. அதில் எனக்குப் பெருமை வரவில்லை, பயம்தான் வந்தது.

"ஆமாம்மா."

"அப்பம் ஒண்ணு செய். எங்க வீட்டுக்காரரைக் காலையிலேருந்து காணும். டிவில சொல்லு." நடந்துகொண்டேதான் சொன்னாள்.

"ஆள் எப்படி இருப்பாரும்மா?"

"மீசை கருகருன்னு இருக்கும். துண்டு முனையில புளியங்கொட்டை முடிஞ்சிருப்பாரு."

பெரியவருக்கு மீசை முழுக்க வெள்ளை. அவர் முன்னால் போய் நின்று, துண்டு முடிச்சை அவிழ்த்து, இருபத்தியொரு கொட்டையையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அவள் கால் மெதுவானது. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"அவரு குடுத்துவிட்டாரா?" என்று கேட்டாள்.

"ஆமா தாயி" என்றார் அவர். "போதும்னு சொல்லச் சொன்னாரு."

அதற்குப் பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.