உள்ளே ஒரு ‘பொறு’

பாலர் பாடசாலையில் உதவி ரீச்சர் வேலை என்றால் படிப்பிப்பது இல்லை; பிள்ளைகளைப் பாயில் இருத்துவது, எழும்பினதை மறுபடி இருத்துவது, அவ்வளவுதான். நாலு வயதுப் பிள்ளையோடு ஒரு காலைப்பொழுது கழித்த ஆள் நீங்கள் என்றால், மிச்சம் உங்களுக்கே தெரியும். வகுப்பில் இருக்கப் பொறுமை இல்லாமல் படிப்பை விட்ட எனக்கு வட்டக்கச்சியில் கிடைத்தது இந்த வேலை.

வெளிச்சப் பொட்டு

எங்கள் கொட்டிலின் கிடுகுக் கூரை முழுக்க ஓட்டை. வெயில் ஏற, நிலத்தில் வட்டம் வட்டமாக வெளிச்சம் விழுந்து மெல்ல ஊரும். நான் ‘அ’ எழுதிவிட்டுத் திரும்பினால் ஒருத்தரும் பலகையைப் பார்க்கவில்லை. எல்லாத் தலையும் வெளிச்சத்தோடு சேர்ந்து நகர்கிறது, தண்ணிக்குள் மீன் திரும்புகிற மாதிரி. இங்கே பாருங்கோ என்று கத்தினேன். முத்து என்ற பெடியன் நிலத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: “கத்தாதீங்க டீச்சர், அது ஓடிரும்.”

வாய்க்கால்

முத்துவின் தாய் மலையகத்திலிருந்து வந்து இங்கே வயல் கூலிக்குப் போகிறவா. வீட்டருகே சுற்றுக்கட்டு இல்லாத கிணறு. தனியே விடப் பயந்துதான் எங்களிடம் விடுகிறா. அவனோ வாய்க்காலில் தண்ணி வருகிற சத்தம் கேட்டால் எழும்பி ஓடுவான். ஒருநாள் இடுப்பளவு தண்ணிக்குள்ளிருந்து தூக்கி வந்தேன். இன்னும் ஒருக்கால் ஓடினால் பள்ளியால் நிப்பாட்டிப் போடுவம் என்றா பெரிய ரீச்சர். நிப்பாட்டினால் அவனுக்குக் கிணற்றடிதான். ஏனடா ஓடினாய் என்று உலுக்கிக் கேட்டேன். “நான் ஓடல டீச்சர். காலு ஓடிருச்சு.”

கஞ்சி ஆறுமட்டும்

பிள்ளைகளுக்குக் காலையில் கொடுக்கிற கஞ்சி ஆறும்வரை காத்திருக்க வேண்டும். ஆவி எழும்பி வெயிலில் நூல் நூலாகப் போகும்; பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கே நித்திரை வரும். ஐந்து வயதுக்காரர் கெட்டிக்காரர். ஒருத்தி கோப்பைக்கு முதுகு காட்டி இருப்பாள். ஒருத்தன் தன் கைகளுக்கு மேலேயே ஏறி இருப்பான். நாலு வயது முத்து மட்டும் விரலை விட்டுச் சுட்டுக்கொள்வான். நான் ஏசுவேன். அடுத்த நாளும் அதே விரல், அதே ஏச்சு. தலைக்குள் ‘ஓடு’ என்கிறவன் பிள்ளையோடு சேர்ந்தே பிறக்கிறான், ‘நில்’ என்கிறவன் பிறகுதான் மெல்ல மெல்ல வளருகிறான் போல என்று பெரிய ரீச்சரிடம் சொன்னேன். அவா என்னை மேலும் கீழும் பார்த்தா. “உமக்கு அவன் எப்ப வளருவான், பிள்ளை?”

முற்றத்து விளிம்பு

அடுத்த நெற்போகத்துக்கு வாய்க்காலில் தண்ணி திறந்த அன்று என் மடியில் ஒரு பிள்ளை குடித்த கஞ்சியைச் சத்தி எடுத்துக்கொண்டிருந்தது. தண்ணிச் சத்தம் கேட்டதும் முத்து எழும்பி வெளியே போய்விட்டான். மடியில் கிடந்ததை இறக்கிவிட்டு ஓடினேன். வயலுக்கு மேலால் கொக்குகள் வெள்ளையாய் எழும்பிப் போகின்றன. அவன் முற்றத்து விளிம்பில் நிற்கிறான். கால் இரண்டும் நின்ற இடத்திலேயே மாறி மாறி மிதிக்கிறது. வாய் எதையோ முணுமுணுக்கிறது. கிட்டப் போய்க் கேட்டேன். கஞ்சி நேரத்தில் நான் ஏசுகிற அதே ஏச்சு, என்னுடைய அதே இழுவையோடு: “பொறடா, குறுக்கால போவானே.”

மத்தியானம் தாய் வந்தபோது, அவன் தொடர்ந்து வரட்டும் என்று பெரிய ரீச்சரே சொன்னா. தாய் உடனே போகவில்லை, என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டா: “‘குறுக்கால போவான்’னா என்னா டீச்சர்? இப்பல்லாம் கெணத்தப் பாத்தா தள்ளியே நின்னுக்கிட்டு, அவனுக்கு அவனே அதத்தான் சொல்லிக்கிறான்.”

அற்பாயுசில் போவான் என்கிற எங்கள் ஊர்ச் சாபம் அது என்று தாய்க்கு எப்படிச் சொல்வது? ஒரு பிள்ளையின் தலைக்குள் முளைக்கிற ‘நில்’ என்னுடைய வாயால்தான் கதைக்கப் போகிறது என்று முதலே தெரிந்திருந்தால், நான் கொஞ்சம் மரியாதையாக ஏசியிருப்பேன்.